ஒரே கோயில்காடு, ஒரு பள்ளி ஆண்டு: பிள்ளைகளுக்கு மரத்தையும் காட்டையும் கற்றுக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

பள்ளிகளில் காடு பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கன்று நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தக் கன்று பொங்கல் வரை பிழைத்ததா என்று நட்ட பிள்ளைக்குத் தெரியாது. புலி, யானைப் படங்களைச் சுவரில் ஒட்டினாலும் இதே கதைதான். ஒரு மரம் எப்போது இலை உதிர்க்கிறது, அதன் பழத்தை யார் தின்கிறார்கள், விதை எங்கே போய் விழுகிறது என்பதெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் புலப்படும். அதனால் இந்த வழிகாட்டி ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை போகிறது. மாதம் 2 முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் போதும். 4 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது. தமிழ்நாட்டின் சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மலைப்பகுதிகளில் மாதங்களும் மரங்களும் மாறும்.

இடம் தேர்ந்தெடுப்பது

ஊருக்குப் பக்கத்தில் அய்யனார் கோயில்காடோ அம்மன் கோயில் தோப்போ இருந்தால் அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பல ஊர்களில் சாமிக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காமல் விட்டிருப்பதால், வெளியே மறைந்துபோன வீரை, காசான், உலக்கைப்பாலை, உசிலை போன்ற மரங்கள் அங்கே இன்னும் நிற்கும். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த எல்லைக்குள் செருப்புப் போடக்கூடாது, எந்த நாளில் போகக்கூடாது என்பதை அவர்கள் சொல்வார்கள். அந்த விதிகளையும் பாடத்தில் சேருங்கள், ஏனென்றால் அந்தக் காட்டை இத்தனை காலம் காப்பாற்றியது அவைதான். செருப்புப் போடக்கூடாத பகுதியில் பாதையை விட்டு இறங்காதீர்கள்; அளவெடுக்கும் வேலையை அதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில்காடு இல்லாவிட்டால் ஏரிக்கரை, பள்ளியின் பின்புறம், சாலையோரப் புளியமரங்கள் எதுவும் ஆகும். காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். பிப்ரவரி முதல் மே வரை மலைக்காடுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் இறந்ததை மறக்கக் கூடாது.

இடம் கிடைத்ததும், ஆண்டு முழுக்கக் கவனிக்க 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றை அளந்து குறியுங்கள். மூலை சரியான செங்கோணமாக வர 12 மீட்டர் கயிற்றில் 3, 7 மீட்டர்களில் முடிச்சுப் போட்டு, இரு நுனிகளையும் சேர்த்து 3 பேர் இழுத்துப் பிடித்தால் போதும். 3, 4, 5 மீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணம் வரும். 3-க்கும் 4-க்கும் இடையிலுள்ள மூலைதான் செங்கோணம். சதுரம் முடிந்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 14 மீட்டர் 14 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். 4 மூலையிலும் கல் நடுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், பெயின்ட்டும் பூச வேண்டாம்.

முதல் நாளுக்கு முன் சொல்லிவைக்க வேண்டியவை

8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். முழுக்கால் உடை, மூடிய செருப்பு. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கல்லையும் கட்டையையும் கையால் புரட்டக்கூடாது. நீளக் குச்சியால், தன் பக்கமாக இழுத்துத்தான் புரட்ட வேண்டும். அப்போது அடியில் தேளோ பாம்போ இருந்தாலும் எதிர்ப்பக்கமாக வெளியேறும். பார்த்து முடித்ததும் புரட்டியதைப் பழையபடி மூடி வைக்க வேண்டும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய 4 பாம்புகளின் படத்தையும் முன்கூட்டியே காட்டுங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எந்த மருத்துவமனை என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். மலைத்தேனீக் கூடு தொங்கும் மரத்தடியில் கூட்டம் சேர்க்காதீர்கள், சத்தம் வேண்டாம், கல்லெறியவே கூடாது.

செடிகளில் அரளி, எட்டி, குன்றிமணி, ஊமத்தை, காட்டாமணக்குக் கொட்டை, செங்காந்தள் கிழங்கு இவற்றை வாயில் வைக்கக்கூடாது. கள்ளிப்பால் கண்ணில் படக்கூடாது. பூனைக்காலிக் காயும் செந்தட்டி இலையும் மேலே பட்டால் அரிப்புத் தாங்காது. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, செடியை நேரில் காட்டிச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் காட்டாமணக்குக் கொட்டை நிலக்கடலை போலத் தெரியும். அதைத் தின்று வாந்தி எடுப்பது கிராமங்களில் அடிக்கடி நடக்கிறது.

ஜூன்: ஆளுக்கொரு மரம்

2 பிள்ளைகளுக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுங்கள். பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது பிள்ளைகளின் இயல்பு, பெரியவர்களின் இயல்பும் அதுதான். முதலில் பட்டையைத் தடவிப் பார்க்கட்டும், கீழே விழுந்த இலையைக் கசக்கி முகரட்டும், இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறிமாறி இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? ஆல், அரசு, அத்தி, இச்சி, வெப்பாலை எல்லாவற்றிலும் வரும். பிறகு ஊர்ப் பாட்டி ஒருவரை அழைத்து வந்து பெயர் கேளுங்கள். ஒரே மரத்துக்கு இரு ஊரில் இரு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது சுற்றளவு. இந்தியாவில் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் தன் நெஞ்சுயரத்தில் அளந்து, மாதத்துக்கு மாதம் மரம் இளைத்ததாகக் கணக்குக் காட்டும். சணல் கயிறு இழுபடும்; தையற்காரரின் நாடாதான் சரி. அடிமரம் அந்த உயரத்துக்குக் கீழேயே கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

உயரத்துக்கு நிழல் கணக்கு. காலை 9 மணிக்கு 1 மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளங்கள், உடனே மரத்தின் நிழலையும் அளங்கள். குச்சி நிழல் 1.1 மீட்டர், மர நிழல் 13.2 மீட்டர் என்றால் மரத்தின் உயரம் 12 மீட்டர். நடுப்பகலில் நிழல் குட்டையாகி அடிமரத்தைச் சுற்றியே விழுவதால் கணக்குப் பிசகும். பாறை, மேடு மேல் விழும் நிழலும் உதவாது.

மரத்தின் வயதை வளையம் எண்ணித் தெரிந்துகொள்ளலாம் என்று பாடநூல் படங்கள் காட்டும். குளிர் நாடுகளின் மரங்களுக்கு அது பொருந்தும். நம் சமவெளியில் பல மரங்களுக்கு ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழாது. தேக்கில் தெரியும். மர அறுவை மில்லில் தேக்குத் துண்டும் வேம்புத் துண்டும் வாங்கிவந்து அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் 6 கட்டங்கள்: துளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம். இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, நிறைய என்றால் 2. பேனா வேண்டாம், மழையில் மை கரையும், பென்சில்தான். இதே முறையில் இந்தியா முழுவதும் மரங்களின் பருவத்தைப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் கணக்கையும் அதில் சேர்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட்: விதையும் நாற்றும்

ஆனி, ஆடி மாதங்களில் வேம்பும் நாவலும் பழுத்து உதிரும். இரண்டையும் பழத்திலிருந்து எடுத்ததும் விதைக்க வேண்டும். வேப்பங்கொட்டை 2, 3 வாரத்திலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கிவிடும்; நாவலும் அப்படித்தான். கடந்த ஆண்டு டப்பாவில் போட்டு வைத்த வேப்பங்கொட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, முளைக்கவில்லை என்றதும் அவர்கள் சோர்ந்துபோவது நிறைய இடங்களில் நடக்கிறது. நாவலில் ஒரு வேடிக்கை உண்டு: ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் கிளம்பும்.

கொன்றையும் வாகையும் இதற்கு நேர்மாறு. தோல் கடினம், தண்ணீர் உள்ளே போகாது. வாகை விதைமேல் கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள் (ஊற்றுவது பெரியவர் வேலை). சரக்கொன்றை விதையை உப்புத்தாளில் தேய்த்து, தோல் நிறம் மங்கியதும் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பருத்திருக்கும் விதையை மட்டும் விதையுங்கள். பருக்காததை மறுபடி தேயுங்கள். 10 விதையைத் தேய்த்தும் 10 விதையைத் தேய்க்காமலும் போட்டு எண்ணிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

நாற்றுப்பைக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. மக்காத சாணி சூடு கிளப்பி வேரைக் கருக்கும், கறையானையும் கூட்டும். பையின் அடியில் 6, 8 துளைகள் இருக்க வேண்டும். விதையை அதன் பருமன் அளவு ஆழத்தில் வைத்தால் போதும். பிள்ளைகள் ஆசையாக விரல் முழுக்க அழுத்திப் புதைத்துவிடுவார்கள். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைக்காவிட்டால் வேர் துளை வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும், பிடுங்கும்போது அறுந்துபோகும்.

பனையைப் பையில் வளர்க்க முயல வேண்டாம். பனங்கொட்டை முளைக்கும்போது மேலே எதுவும் தெரியாது; முளை முதலில் கீழே இறங்கி, மண்ணுக்குள் கிழங்காகத் திரளும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டைகளைப் பொறுக்கி, ஏரிக்கரையில் நேரடியாக 10 செ.மீ. ஆழத்தில், 3 மீட்டருக்கு ஒன்றாகப் புதையுங்கள். 4, 5 கொட்டைகளைப் பள்ளியில் மணல் மேட்டில் தனியாகப் போட்டு வைத்துப் பொங்கலுக்குத் தோண்டிக் காட்டுங்கள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைக்கும் பனங்கிழங்கு ஒரு மரத்தின் குழந்தைப் பருவம் என்பது அன்று புரியும்.

விதைப்பந்து பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மண்ணைப் பிசைந்து உருட்டுவதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பேருந்திலிருந்து சாலையோரம் எறியும் பந்துகளில் மிகச் சிலவே மரமாகும். மழை ஒருமுறை பெய்து முளைத்ததும் வெயிலில் காயும், இல்லாவிட்டால் ஆடு மேயும். காப்புக்காட்டுக்குள் எறிவது தவறு. அங்கே இல்லாத இனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தை நாற்றுப்பைக்குக் கொடுப்பதே மேல்.

செப்டம்பர்: அத்திக்குள் ஒரு பூந்தோட்டம்

ஆல், அரசு, அத்தி எதில் காய் இருக்கிறதோ அதில் ஒன்றைப் பறித்து, பெரியவர் கத்தியால் இரண்டாக நறுக்குங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, காயைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைத் தூரப் பிடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உள்சுவர் முழுக்க ஊசிமுனை அளவில் நெருக்கமாக நிற்பவை விதைகளல்ல, பூக்கள். நுனியில் உள்ள சிறு வாய் வழியாகக் குளவி ஒன்று உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. நுழையும்போதே பெரும்பாலும் அதன் இறகு முறிந்துவிடும். சில பூக்களில் அது முட்டையிடும், குஞ்சுகள் அங்கேயே வளரும். எறும்பைவிடச் சிறிய கருங்குளவிகள் ஓடுவதை நல்ல காயில் நேரிலேயே பார்க்கலாம். "பூவாமல் காய்க்கும்" என்று அத்தியைச் சொல்லும் வழக்கைப் பிள்ளைகள் தாங்களே திருத்துவார்கள்.

பிறகு அதே மரத்தின்கீழ் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருங்கள். குக்குறுவான், மைனா, குயில், மாங்குயில், அணில், இரவில் பழந்தின்னி வவ்வால், மரநாய் என்று வந்து தின்பவர்களின் பட்டியல் நீளும். மற்ற மரங்கள் பழுக்காத காலத்திலும் ஏதாவது ஓர் ஆலோ இச்சியோ பழுத்திருக்கும். அதனால்தான் ஒரு காட்டில் எல்லா மரத்தையும் வெட்டினாலும் ஆலும் அரசும் இச்சியும் சேர்ந்த அத்தி இனத்தை விட்டுவைக்க வேண்டும் என்கிறோம்.

அக்டோபர்: நடுவது

வடகிழக்குப் பருவமழை பிடித்து, மண் ஒன்றரை அடி ஆழம் நனைந்த பிறகு நடுங்கள். முதல் தூறலில் நட்டால் இடைவெயிலில் வாடும். குழி 45 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, அதையே முதலில் உள்ளே தள்ளுங்கள். கன்றுக்கும் கன்றுக்கும் 3 மீட்டர் இடைவெளி. பையைப் பிளேடால் கிழித்து முழுதாக அகற்றுங்கள். பையோடு நட்ட கன்று ஓராண்டு பச்சையாக இருந்து பிறகு காயும். பிடுங்கிப் பார்த்தால் வேர் பம்பரக் கயிறு போலச் சுருண்டிருக்கும். பைக்குள்ளேயே அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்த வளையத்தை வெட்டிவிட்டு நடலாம். சுற்றிலும் இலைச்சருகு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டக்கூடாது.

எங்கே நடக்கூடாது என்பதும் இதே நாளின் பாடம். கோடியக்கரையின் வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். நீலகிரி வரையாடு மேய்வது மலையுச்சிப் புல்லில். அந்தப் புல்வெளிகளில் வாட்டில் என்ற அயல்மரமும் தைலமரமும் நட்டதால் வந்த கேட்டை இன்றுவரை வனத்துறை சரிசெய்துகொண்டிருக்கிறது. ஏற்கெனவே அடர்ந்த கோயில்காட்டுக்குள்ளும் நட வேண்டாம். ஓரத்தில், வெட்டவெளியான இடத்தில் நடுங்கள்.

நவம்பர், டிசம்பர்: மண்ணும் சருகும்

இருபுறமும் திறந்த, 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா 2 எடுங்கள். ஒன்றை மரத்தடியில் சருகை விலக்கியும் மற்றொன்றை விளையாட்டு மைதானத்திலும் 3 செ.மீ. ஆழம் அழுத்தி, ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, நீர் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். அந்த டப்பாவில் 1 லிட்டர் என்பது 57 மி.மீ. மழைக்குச் சமம். மரத்தடியில் வேகமாக இறங்கும், மைதானத்தில் தேங்கி நிற்கும். ஓரத்தில் நீர் கசிந்தால் கணக்கு செல்லாது. ஈரமண்ணை அப்பி மறுபடி செய்யுங்கள். மழை பெய்த மறுநாளே செய்தால் இரண்டிடமும் நனைந்து வேறுபாடு மங்கிவிடும், 3 நாள் கழித்துச் செய்யுங்கள்.

அரை மீட்டர் சதுரத்தின் சருகை வெள்ளைத் துணியில் கொட்டிக் குச்சியால் கிளறினால் மரவட்டை, கறையான், நத்தை, சிலந்தி எல்லாம் வரும். எண்ணி முடித்ததும் அத்தனையையும் அதே இடத்தில் விடுங்கள்.

ஜனவரி: தடம், எச்சம், பொந்து

மாலையில் பாதையில் 1 மீட்டர் சதுரத்துக்குச் சலித்த மண்ணை 1 செ.மீ. கனத்தில் பரப்பிவிட்டு, காலை 7 மணிக்குள் போய்ப் பாருங்கள். வெயில் ஏறினால் தடத்தின் விளிம்பு உதிரும். நகக்குறி இருந்தால் நாய், நரி. இல்லாவிட்டால் பூனை இனம். தெளிவான தடத்தைச் சுற்றி அட்டை வளையம் வைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 2 பங்கும் தண்ணீர் 1 பங்கும் கலந்து ஊற்றி அரை மணி விட்டு எடுங்கள். கலந்த பிளாஸ்டர் தயிர் போல இருக்க வேண்டும். கஞ்சி போல இருந்தால் உடையும்.

மரநாயின் எச்சத்தில் முழு விதைகள் இருக்கும். முயலின் புழுக்கை சற்றுத் தட்டையான உருண்டையாக இருக்கும், உடைத்தால் வைக்கோல் தூள் போல உதிரும். கையால் தொடாமல் குச்சியால் பிரிக்க வேண்டும். முள்ளம்பன்றி முள், மான் கொம்பு, கூடு, முட்டை எதையும் வீட்டுக்கு எடுத்துவரக்கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அதே சட்டப்படி குற்றம். இதைத் திட்டாமல், காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேசுவார்கள்.

பட்ட கிளையைத் தேடச் சொல்லுங்கள். அதன் அடிப்பக்கத்தில் கச்சிதமான வட்டத் துளை இருந்தால் குக்குறுவானின் வேலை. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் குடியேறும். காய்ந்த கிளை பாதைக்கு மேலே நின்று ஆபத்தாக இருந்தாலொழிய வெட்டத் தேவையில்லை. பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடக் கணக்கு ஒன்றைப் பதிவு செய்ய இது நல்ல சமயம்.

பிப்ரவரி, மார்ச்: காட்டைப் பேணும் வேலை

இந்தப் பகுதியைத்தான் பள்ளிகள் தவறவிடுகின்றன. காட்டைச் சும்மா விட்டாலே காப்பாற்றியதாகும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும். தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும். மண்ணுக்குள் ஓரடி தோண்டி வேர்க்கழுத்தோடு (தண்டும் வேரும் சேரும் இடம்) எடுக்க வேண்டும். அது பெரியவர் வேலை. முழங்காலுக்குக் கீழான கன்றுகளை ஈரமண்ணில் கையுறையோடு பிடுங்குவது பிள்ளைகளுக்கு முடியும். முள் கண்ணில் படாதபடி ஒருவருக்கொருவர் 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும். அகற்றிய இடத்தில் 2 ஆண்டுகள் மறுபடி மறுபடி பிடுங்க வேண்டியிருக்கும். அதில் பறவைக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுக்கவும். மலையடிவாரத்தில் உண்ணிச்செடிக்கும் (லண்டானா) இதே கதைதான். அதன் கழிகளால் நீலகிரிப் பக்கம் பழங்குடி மக்கள் நாற்காலியும் யானை உருவமும் செய்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வகுத்தது.

அடுத்து ஒரு விளையாட்டு. சதுரத்துக்குள்ளும் சுற்றியும் உள்ள 20 மரங்களுக்கு எண் எழுதிய துணிநாடா கட்டுங்கள். 4 குழு: விறகு வேண்டுவோர், தேன் எடுப்போர், ஆடு மேய்ப்போர், பறவைகளுக்காகப் பேசுவோர். 5 மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி, எவை என ஒவ்வொரு குழுவும் எழுதட்டும். பிறகு 4 பட்டியலையும் ஒன்றாக்க உட்காருங்கள். வளைந்து நிழலில் நெருக்கும் இளமரத்தை எடுத்தால் பக்கத்து மரம் பருக்கும், வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் உசிலையை எடுக்கலாம், தனியாக நிற்கும் ஒரே இலுப்பையைத் தொடக்கூடாது என்ற முடிவுகளுக்கு அவர்களே வருவார்கள். யாரும் எதையும் வெட்டப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோயில்காடானால் ஊர்க்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

சருகு உதிரும் இந்தக் காலத்தில் காட்டைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு போடலாம். காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். கூட்டிய சருகை எரிக்காமல் குழியில் போட்டு மக்கவிடுங்கள், அடுத்த ஜூலையில் நாற்றுப்பைக்கு உரமாகும்.

ஏப்ரல்: ஒப்படைப்பு

புங்கம் பளபளவென்று துளிர்த்திருக்கும், சித்திரைக்கு வேம்பு பூத்திருக்கும். பிள்ளைகள் தங்கள் மரத்தை மறுபடி அளந்து ஜூன் கணக்கோடு ஒப்பிடட்டும். பெரிய மரத்தில் வேறுபாடு ஒன்றிரண்டு செ.மீ.தான் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. எண்ணைத் திருத்தி எழுதவிடாதீர்கள். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை பட்டன, ஏன் பட்டன என்று ஒரு பக்கம் எழுதி, நோட்டை அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மே மாதத் தண்ணீர் முறை. கன்று ஒன்றுக்கு வாரம் 10 முதல் 15 லிட்டர், காலையிலோ மாலையிலோ. அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைக் கன்றின் அருகே புதைத்து நிரப்பினால் 2, 3 நாளுக்கு ஈரம் நிற்கும். எந்த வாரம் எந்த வீட்டுப் பிள்ளை என்ற பட்டியலைப் பள்ளி மூடுவதற்கு முன்பே வாசலில் ஒட்டி, ஊருக்குப் போகிறவர்களுக்கு மாற்றாள் பெயரையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.